ஆணியில் தொங்கிய பொத்தான்

நான் குளியலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தேன். சந்தன சோப்பு வழுக்கிக்கொண்டு போய், தண்ணீர் வடியும் ஓட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டது. அதனால் தண்ணீர் போக வழியில்லாமல் என் முழங்கையைச் சுற்றித் தேங்கியிருந்தது. முதலில் வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் குளிர ஆரம்பித்தது.

காலை ஏழு மணி இருக்கும். கீரைக்காரர் "சொப்பூ... சொப்பூ..." என்று கூவிக்கொண்டு போனார். மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்துக்குள் அவர் நுழையும் நேரம் அதுதான். பக்கத்து வீட்டில் குக்கர் ஒரு விசில் விட்டது.

விழுந்தவர்கள் எல்லோரும் உடனே எழுந்திருக்கத்தான் பார்ப்பார்கள். அது தப்பு. முப்பது வருஷத்துக்கும் மேல் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள் நான். அதனால் அசையாமல் கிடந்து என்னையே பரிசோதித்தேன். தலையில் அடி இல்லை. இரண்டு காலும் ஒரே நீளம்தான், பாதம் வெளிப்பக்கம் திரும்பவில்லை. ஆகவே இடுப்பு தப்பித்தது. இடது மணிக்கட்டு மட்டும் கவிழ்த்து வைத்த முள்கரண்டி மாதிரி வளைந்திருந்தது. பாடப்புத்தகத்தில் படம் போட்டிருப்பார்களே, அச்சு அசல் அதே வளைவு. மாணவிகளுக்குக் காட்ட நல்ல உதாரணம் என்று நினைத்தேன். வலி அதற்கப்புறம்தான் வந்தது.

இந்த மாதிரி சமயத்துக்கென்றே என்னிடம் ஒரு பொத்தான் உண்டு. கழுத்தில் மாட்டிக்கொள்வது. அழுத்தினால் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் உடனே பேசுவாள். அந்தப் பொத்தான் அப்போது கதவுக்கு வெளியே, சுவரில், நான் நின்றால் என் கண் உயரத்தில் இருக்கும் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கழுத்தில் இருந்தால் இங்கே

போன வாரம் இந்தப் பத்தியில் நர்சிங் விடுதியின் உப்புமாவைப் பற்றி எழுதியதில் இரண்டு பழைய தோழிகளுக்குக் கோபம். இந்த வாரம் யாரையும் குறை சொல்வதாக இல்லை, என்னைத் தவிர.

என் கணவர் போய் நான்கு வருஷம் ஆகிறது. ஒரே மகள் அனிதா பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். அவள் வீடு பதினோராவது மாடி. அங்கே நான் ஒரு தடவை பத்து நாள் இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் காற்று வரும், ஆள் குரல் வராது. பதினோராவது நாள் ரயிலேறி மைசூருக்கு வந்துவிட்டேன்.

சென்ற வருஷம் கோயில் படியில் கால் இடறி முழங்கால் வீங்கிப்போனது. அனிதா ஓடி வந்தாள். வந்தவள் சும்மா வரவில்லை, இரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்தாள். நடையில் ஆள் வந்தால் தானே எரியும் விளக்கு. அடுப்பை மறந்தால் காஸை மூடிவிடும் ஒரு குமிழ். வேளை தவறினால் கத்தும் மாத்திரைப் பெட்டி. முப்பத்தைந்து படுக்கைகளுக்கு மாத்திரை கொடுத்தவளுக்கு ஒரு பெட்டி மாத்திரை கொடுக்கிறது! கடைசியாக இந்தப் பொத்தான்.

"இத பாரு மம்மி. நீ அழுத்தவே வேணாம். விழுந்தாலே அதுக்குத் தெரிஞ்சுடும். அங்க இருந்து பேசுவாங்க, பக்கத்து வீட்டு மஞ்சுளா ஆன்ட்டிக்குப் போன் போகும், எனக்கும் வரும்."

"நான் என்ன கொழந்தையா கண்ணு, கழுத்துல மணி கட்டிட்டுச் சுத்த?"

"கழுத்துல இருந்தா நீ இங்க. கழட்டினா என் கூட பெங்களூர். அஷ்டே."

'அவ்வளவுதான்' என்பதைக் கன்னடத்தில் சொன்னால் அவளுக்குத் தீர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. நான் ஒப்புக்கொண்டேன். இந்த வீட்டில் இருப்பதற்கு நான் கொடுக்க வேண்டியது கழுத்தில் ஒரு கயிறு. மலிவுதான்.

ஆணியின் கதை

பிறகு ஏன் கழற்றினேன் என்று கேட்பீர்கள்.

பயிற்சிக் காலத்தில் எங்கள் மேட்ரன் தினமும் காலையில் வரிசையாக நிற்க வைத்துக் கைகளைப் பார்ப்பார். வாட்ச், மோதிரம், வளையல் எதுவும் இருக்கக் கூடாது. தண்ணீரில் கை வைக்கும் முன் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நான் பிறந்தது ராமாபுரம் கிராமம். கண்ணாடி வளையலோடு வந்த பெண். முதல் நாளே மேட்ரன் ஒரு பார்வை பார்த்தார். அன்று கழற்றியதுதான். அந்தப் பழக்கம் தோலுக்குள் போய்விட்டது. கழுத்துச் சிலுவையை மட்டும் விட்டுவைத்தார், அது வேறு துறை.

இந்த வீட்டுக்குக் குடிவந்த வாரம், நான் வாட்சைக் கழற்றி வைக்க இடம் தேடுவதைப் பார்த்துவிட்டு என் கணவர் குளியலறைக்கு வெளியே ஓர் ஆணி அடித்தார். அவர் அடித்த ஆணிகளில் நேராக நின்றது அது ஒன்றுதான்.

பொத்தான் வந்த மறுநாள் குளிக்கப் போனேன். கை தானாகக் கழுத்துக்குப் போனது. தானாக ஆணிக்குப் போனது. தண்ணீரில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. படித்துமிருக்கிறேன். வயதானவர்கள் அதிகம் விழும் இடம் குளியலறை என்று மாணவிகளுக்கு வகுப்பும் எடுத்திருக்கிறேன். ஆனாலும் ஒரு வருஷமாகத் தினமும் அந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் குளித்தேன். ஒரு நாள்கூட அது தப்பாகத் தோன்றவில்லை.

மாப் குச்சி

தரைக்குத் திரும்புவோம்.

இரண்டு தடவை "மஞ்சுளா" என்று கத்தினேன். அந்த நேரத்தில் அவள் வீட்டில் டிவியில் பக்திப் பாட்டு ஓடும், குக்கரும் சேர்ந்துகொள்ளும். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

குளியலறைக் கதவை நான் தாழிடுவதில்லை. அதுவும் வார்டுப் பழக்கம், ஆனால் நல்ல பழக்கம். கதவைக் காலால் தள்ளினேன். நெஞ்சுக்கு மேல் கட்டிய ஈரப் பாவாடையோடு, ஒரு கையை மாரோடு அணைத்துக்கொண்டு, இடுப்பை இழுத்து இழுத்து நகர்ந்தேன். எட்டடி தூரம்தான். வலது முழங்கால் ஏற்கெனவே தகராறு. நடுவில் மூன்று தடவை நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு தடவை கொஞ்சம் அழுதேன். நடையில் விளக்கு எரிந்தது. ஆள் வந்துவிட்டதை அது மட்டும் கவனித்தது.

சுவரடியில் சாய்ந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். பொத்தான் அங்கேயே இருந்தது. கை எட்டவில்லை. எழுந்து நிற்கக் காலில் தெம்பு இல்லை. மூலையில் தரை துடைக்கும் மாப் சாய்த்து வைத்திருந்தது. அதன் குச்சியை வலது கையில் பிடித்துப் பொத்தானைத் தட்டினேன். நாலாவது தட்டலில் ஆணியிலிருந்து கழன்று, சிவப்புத் தரையில் தொப்பென்று விழுந்தது.

விழுந்த உடனே கீச்கீச்சென்று கத்தியது. பிறகு ஒரு பெண் குரல்.

"மேடம்? ரெஜினா மேடம்? நீங்க விழுந்துட்டீங்களா மேடம்?"

பொத்தானுக்குத் தெரிந்தது, தான் விழுந்த கதை மட்டும். நான் விழுந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவளுக்கு அது எப்படித் தெரியும்? நான் ட்யூட்டி மாற்றும்போது ஒப்படைக்கிற தோரணையில் சொன்னேன்: பெண், வயது எழுபத்தொன்று, இடது மணிக்கட்டு முறிவு, நினைவு நன்றாக இருக்கிறது, ரத்தப்போக்கு இல்லை. "சரிங்க சிஸ்டர்" என்றாள் அந்தப் பெண்.

மஞ்சுளா மாற்றுச் சாவியோடு ஓடி வந்தாள். "அய்யோ தேவரே! ஏனாய்த்து, என்ன ஆச்சு சிஸ்டர்? எழுந்திரிக்காதீங்க, எழுந்திரிக்காதீங்க!"

"எழுந்திரிக்க முடிஞ்சா ஏம்மா இங்க ஒக்காந்திருக்கேன்? மொதல்ல ஒரு துண்டு குடு."

எங்கள் சந்தில் ஆட்டோ நுழையாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மஞ்சுளாவின் கணவரும் முட்டைக்கடைக்காரரும் சந்து முனைவரை தூக்கிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் ஸ்கூட்டர்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். மாதா ஊர்வலம் போல இருந்தது.

ஆறு நிமிடம்

மத்தியானத்துக்குள் அனிதா வந்துவிட்டாள். மாவுக்கட்டுப் போட்ட என் கையைப் பார்த்தாள். பிறகு தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாத்தியா மம்மி! ஏழு அம்பதுக்கு நீ விழுந்திருக்கே. ஏழு அம்பத்தாறுக்கு மஞ்சுளா ஆன்ட்டி உள்ள வந்தாச்சு. ஆறே நிமிஷம்! நீ வேணாம் வேணாம்னே."

திரையிலிருந்த நேரத்தை இன்னொரு தடவை படித்தேன்.

"நான் பயந்துகிட்டே இருந்தேன் மம்மி. நெஜமா சொல்றேன், தூங்கவே மாட்டேன். இனிமே கவலையில்ல. நீ இங்கேயே இரு. இனிமே பெங்களூர் பேச்சே எடுக்க மாட்டேன்."

நான் ஒரு வருஷமாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. பொய் எதுவும் நான் சொல்லவில்லை. இயந்திரம் எழுதி வைத்திருக்கிறது, மகள் படித்துவிட்டாள், நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அன்று சாயங்காலம் அவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடிக்கும்போதுதான் அந்த மஞ்சள் வியாபாரி ஞாபகத்துக்கு வந்தார்.

மஞ்சள் வியாபாரி

இது நான் வார்டு சிஸ்டரான புதிதில் நடந்தது. குண்டலுபேட்டையிலிருந்து ஒரு பெரியவர் சேர்ந்திருந்தார். மஞ்சள் வியாபாரம். ஈரோட்டுக்குப் போய் வந்து பழகிய தமிழ் பேசுவார். அந்தக் காலத்து அழைப்பு மணி என்பது நீளமான ஒயரின் நுனியில் ஒரு பொத்தான். தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும். அழுத்தினால் எங்கள் மேஜையில் மணி அடிக்கும்.

அவர் நாளெல்லாம் அடிப்பார். போய் நின்றால் கேட்பது ஒரே கேள்விதான்.

"மணி என்னாச்சு சிஸ்டர்?"

சொல்லிவிட்டு வருவேன். இருபது நிமிடத்தில் மறுபடி அடிக்கும். மறுபடி அதே கேள்வி. அன்று வார்டில் நானும் ஒரு மாணவியும் மட்டும். மூன்று பேருக்கு ட்ரிப் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. அந்த ஒயரை எடுத்துக் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டேன். "கொஞ்ச நேரம் தூங்குங்க" என்றேன்.

ஒரு மணி நேரம் அமைதியாக இருந்தது. அப்புறம் தடாலென்று ஒரு சத்தம்.

தானே இறங்கப் பார்த்திருக்கிறார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. டாக்டர் வருவதற்குள் ஒயரை அவிழ்த்துத் தலையணைக்குப் பக்கத்தில் போட்டது நான்தான். சம்பவப் பதிவேட்டில் எழுதியதும் நான்தான். எல்லோரும் எழுதும் வாக்கியம்தான்: "அழைப்பு மணி நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது."

பல நாள் கழித்து ஸ்ட்ரெச்சரில் வீட்டுக்குக் கொண்டு போனார்கள். அவர் மகன் என்னிடம் வந்து, நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்று சொல்லி, காகிதத்தில் மடித்த மஞ்சள் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன்.

அந்தப் படுக்கையின் விரிப்பை மாற்றும்போதுதான் பார்த்தேன். வார்டுக் கடிகாரம் அந்தக் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. எல்லோருக்கும் தெரியும் கடிகாரம் அவர் ஒருவருக்கு மட்டும் தெரியாது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம்கூட.

கேள்வித்தாள்

அனிதா ஒரு வாரம் இங்கேயே இருந்து லேப்டாப்பில் வேலை பார்த்தாள். நாலாவது நாள் அந்தப் பொத்தான் கம்பெனியிலிருந்து ஒரு கேள்வித்தாள் அவள் போனுக்கு வந்தது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, சாதத்தை ஒரு கையால் பிசைந்துகொண்டே கேள்விகளை வாசித்தாள்.

"பேசினவங்க மரியாதையா பேசினாங்களா? யெஸ். ஹெல்ப் சீக்கிரம் வந்துச்சா? யெஸ். விழும்போது கருவி உடம்புல இருந்துச்சா? ய..."

அவள் விரல் திரைக்குப் போயிற்று.

"நிறுத்து கண்ணு" என்றேன்.

"என்ன மம்மி, ஊறுகாயா?"

"கழுத்துல இல்ல. ஆணியில இருந்துச்சு."

அவளுக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். சோப்பு, எட்டடி, மாப் குச்சி, எல்லாம். ஒரு வருஷமாகத் தினமும் கழற்றி மாட்டியதையும் சொன்னேன். வார்டில் கேஸ் சொல்கிற மாதிரிதான் சொன்னேன். எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது.

"அப்ப அந்த ஏழு அம்பது?"

"அது பொத்தான் விழுந்த நேரம். நான் விழுந்தது ஏழு மணிக்கு."

"முக்கால் மணி நேரம் கீழ கெடந்தியா?"

"ஆமா."

"நாலு நாளா இதைச் சொல்லாம என் கூட ஒக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கே! நான் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் ஆறு நிமிஷம், ஆறு நிமிஷம்னு பீத்திட்டு இருக்கேன். சுள்ளு சொல்லியிருக்கே மம்மி. எங்கிட்டயே."

சுள்ளு என்றால் பொய். கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும். நான் மறுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வீடு போயிற்று என்று தீர்மானித்துவிட்டேன். எந்தெந்தச் சாமானை எடுத்துக்கொள்வது என்றுகூட மனசு பட்டியல் போட ஆரம்பித்தது.

அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். வெகு நேரம் ஆகியும் திரும்பி வரவில்லை. அழுகிறாளோ என்று பயந்து மெதுவாக எழுந்து போனேன்.

குளியலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே தரையில் அனிதா படுத்திருந்தாள். லேப்டாப் மீட்டிங்குக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு, ஈரத் தரையில், ஒருக்களித்து.

"தலை எந்தப் பக்கம் மம்மி?"

"ஜன்னல் பக்கம்."

அவள் திரும்பிப் படுத்தாள். "எந்தக் கை நல்லாயிருந்துச்சு?"

"வலது."

இடது கையை மாரோடு மடக்கிக்கொண்டு வலது கையைச் சுவரை நோக்கி நீட்டினாள். எட்டவில்லை. உடம்பை ஒரு சாண் நகர்த்தினாள். மறுபடி நீட்டினாள். விரல் சுவரைத் தொட்டது. மறு கையால் சட்டைப் பையிலிருந்து புருவப் பென்சிலை எடுத்து அந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள். தரையிலிருந்து ஒரு முழ உயரம் இருக்கும்.

"நீ கழட்டாம இருக்க மாட்டே" என்றாள், படுத்தபடியே. "எனக்குத் தெரியும். சின்ன வயசுல எனக்குக் கை கழுவிவிட்டதே வாட்சைக் கழட்டிட்டுத்தான். கழட்டிக்கோ. ஆனா இங்க மாட்டு."

"அப்ப பெங்களூர்?"

"ஆணி அடிச்ச அப்புறம் எதுக்கு பெங்களூர்?" என்றாள். கேள்வித்தாளில் அவள் 'இல்லை' என்று அழுத்தியது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

மறுநாள் காலை அவளே ஒரு கொக்கியை வாங்கி வந்து அடித்தாள். கோணலாகத்தான் இருக்கிறது. அப்பா கைதான்.

மணி என்னாச்சு

மாதத்தில் ஒரு நாள் பொத்தானை அழுத்திச் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது கம்பெனியின் விதி. முன்பெல்லாம் அழுத்துவேன், அந்தப் பெண் பேசுவாள், "சும்மா டெஸ்ட்" என்று சொல்லி முடித்துவிடுவேன்.

இந்த மாதம் குளித்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்தபடி கோணல் கொக்கியில் இருந்த பொத்தானை அழுத்தினேன். மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. கடிகாரம் கூடத்தில் இருக்கிறது, குளியலறையிலிருந்து பார்த்தால் தெரியாது.

"சொல்லுங்க மேடம். என்ன உதவி வேணும்?"

டெஸ்ட் என்றுதான் சொல்ல நினைத்தேன். வாயில் வேறு வந்துவிட்டது.

"மணி என்னாச்சும்மா?"

எத்தனை பேர் காத்திருந்தார்களோ, அவள் மேஜையில் எத்தனை மணி அடித்துக்கொண்டிருந்ததோ, தெரியாது.

"ஏழு நாப்பதுங்க மேடம்" என்றாள். "வேற ஏதாவது தெரியணும்னா எப்ப வேணா அழுத்துங்க."